நான் கேட்ட பதின்மூன்றாயிரம்

போன மாதம் உங்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சேலத்துப் பெண்ணாம், தமிழிலேயே கேட்டாள். "மேடம், உங்க ஷிஃப்ட்ல எப்பவாவது ரெண்டு விமானம் ரொம்பக் கிட்ட வந்திருக்கா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லி மழுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மாரெட்பள்ளியில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் செய்தது சரியில்லை. அவள் கேட்டது நேரான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். சொல்லக் கூசியது, அவ்வளவுதான்.

ஆகவே எழுதுகிறேன். ரேடார் எப்படி வேலை செய்கிறது, எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அது ஜூன் முதல் வாரம். மழைக்காலம் தொடங்கியும் தொடங்காமலும் இருக்கும் நாட்கள். உங்களில் ஹைதராபாத்துக்குப் புதிதாக வந்தவர்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குமேல் மேற்கே விகாராபாத் பக்கம் கருமேகம் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் சுவர் மாதிரி நிற்கும். விமானிகள் அந்தச் சுவருக்குள் போகமாட்டார்கள். பத்து மைல் இடப்பக்கம் விலகிக்கொள்கிறேன், இருபது மைல் வலப்பக்கம் விலகிக்கொள்கிறேன் என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். பாதைகள் என்று நாம் வரைந்து வைத்திருப்பதெல்லாம் அப்போது காகிதத்தில்தான் இருக்கும்.

அன்று நான்கு மணிக்கு நான் அப்ரோச் ரேடாரில் இருந்தேன். நகரத்துக்கு வந்து இறங்குகிற, இங்கிருந்து கிளம்பி ஏறுகிற எல்லா விமானங்களும் என் கையில். என் அலைவரிசையில் ஒன்பது விமானங்கள். மேற்கே மேகங்களுக்கு நடுவில் ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. மும்பைக்குக் கிளம்பிப் போகும் விமானம் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். கோவாவிலிருந்து வரும் விமானமும் அதே சந்து வழியாகத்தான் வர வேண்டும். இரண்டும் நேருக்கு நேர்.

இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஒன்றைக் கீழே நிறுத்தி, இன்னொன்றை ஆயிரம் அடி மேலே நிறுத்தினால் ஒன்றையொன்று கடந்து போய்விடும். மும்பை விமானத்தைப் பன்னிரண்டாயிரம் அடியில் நிறுத்தினேன். கோவா விமானத்தைப் பதின்மூன்றாயிரம் வரை இறங்கச் சொன்னேன். ஒன் த்ரீ ஜீரோ. விமானி திருப்பிச் சொன்னார். நான் அடுத்த விமானத்துக்குப் போனேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோவா விமானத்துக்குத் தினமும் அந்த இடத்தில் நாங்கள் கொடுப்பது பன்னிரண்டாயிரம். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்று மேகத்தால் ஓர் ஆயிரம் கூட்டிக் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு நிமிடம் வேறு மூலையில் வேலை. விஜயவாடாவிலிருந்து வந்த ஒன்றைத் திருப்பினேன், இன்னொன்றின் வேகத்தைக் குறைத்தேன். பிறகு மேற்கே பார்த்தேன். கோவா விமானத்தின் பக்கத்தில் இருந்த எண் ஒன் டூ எயிட் என்று காட்டியது. பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.

முதலில் எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே சொல்கிறேன். கருவிதான் தவறாகக் காட்டுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் இரண்டு விமானங்களின் குறிகளும் சிவப்பாகி மின்ன ஆரம்பித்தன. ரேடாரின் அடுத்த சுற்றில் ஒன் டூ சிக்ஸ். நடுவில் ஆறு மைல்தான் இருந்தது. எதிரெதிராக வரும்போது அது அரை நிமிடம்.

பொத்தானை அழுத்தி கோவா விமானத்தைக் கூப்பிட்டேன். உடனே இடப்பக்கம் திரும்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அழைப்புப் பெயரைத்தான் சொல்லி முடித்திருந்தேன். அதற்குள் அவருடைய குரல் வந்தது.

"டீகாஸ் ஆர்.ஏ."

ஒரு வினாடி இடைவெளியில் மும்பை விமானத்திலிருந்தும் அதே சொற்கள் வந்தன.

உங்களுக்கு இது பாடத்தில் இரண்டு வரி. விமானங்களுக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒருவரை மேலே போகச் சொல்லும், இன்னொருவரைக் கீழே போகச் சொல்லும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு கண்ட்ரோலர் ஏறு, இறங்கு, திரும்பு என்று எதையும் சொல்லக் கூடாது. கருவி ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, விமானி நடுவில் மாட்டிக்கொள்வார். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டிருக்க, விரல் பொத்தான்மேல் இருக்க, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.  திருப்பு, திருப்பு, ஏதாவது செய் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கேட்டேன் என்பதற்கு "ராஜர்" என்று மட்டும் சொல்லிவிட்டு விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கோவா ஒன் டூ ஃபைவ். அடுத்து மறுபடி ஒன் டூ ஃபைவ். மும்பை ஒன் டூ ஜீரோவிலிருந்து ஒன் ஒன் நைன். இரண்டு குறிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எண்கள் கலந்து, எதையும் படிக்க முடியாமல் போயிற்று. இரண்டிலும் சேர்த்து முந்நூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அந்த அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு குறிகள் பிரிந்தன. கோவா ஒன் டூ எயிட், ஏறிக்கொண்டிருந்தது. மும்பை ஒன் ஒன் செவன். இரண்டு விமானிகளும் ஒருவர் பின் ஒருவராக, ஆபத்து நீங்கியது என்று சொன்னார்கள். மிக நெருங்கிய இடத்தில் இரண்டுக்கும் நடுவே அறுநூறு அடி உயர வித்தியாசம் இருந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள்.

மற்ற ஏழு விமானங்கள் காத்துக்கொண்டிருந்தன.  விஜயவாடா விமானத்தை இன்னும் கீழே இறங்கச் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மாற்று ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினேன்.  

அன்றைய சூப்பர்வைசர் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்த குடும்பம். பேர் சொல்ல வேண்டாம் என்பது அவர் விருப்பம். அவர் தமிழில் பாதி செகந்திராபாத் இருக்கும். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நக்கோ மா, வேண்டாம். என்கிட்ட எதுவும் சொல்லாதே. யார்கிட்டயும் பேசாதே. முதல்ல எழுது. டேப்பை நாளைக்குத்தான் போடுவாங்க."

எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதின்மூன்றாயிரம் கொடுத்தேன். விமானி பதின்மூன்றாயிரம் என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னார். பின்னர் அனுமதியை மீறி இறங்கினார். அந்த நேரத்தில் என் கவனம் வேறு எதிலும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நானாகவே சேர்த்தேன், யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் அப்போதுதான் ராமச்சந்திராபுரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார். தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று முத்திரை குத்துவது அவர் வேலை. யாரிடமும் பேசாதே என்று சொன்னதை மீறி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறியது. முந்நூறு பேரை வைத்துக்கொண்டு ஒருவன் இப்படிச் செய்வானா, சொன்னது ஒன்று செய்தது ஒன்று, அவன் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் பேசினேன்.

"அவன் ஒன் த்ரீ ஜீரோன்னுதான் சொன்னான். என் காதால கேட்டேன்" என்றேன்.

"டேப் இருக்கு இல்ல? நீ சொல்றது சரின்னா பயம் கைக்கு, எதுக்கு?" என்றார் அவர்.

பயமில்லை, கோபம்தான் என்றேன். அது உண்மை. அன்று எனக்குப் பயமே இல்லை. நான் சொல்வதில் அத்தனை உறுதி இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. சின்ன அறை. விசாரணை அதிகாரி, சூப்பர்வைசர், நான். எதிர்ப்பக்கத்தில் கோவா விமானத்தின் கேப்டன். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், தூங்காத முகம். நான் அவரை முறைத்துப் பார்த்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார். ஏன் என்று டேப்பைப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதிகாரி இரண்டு வாக்குமூலங்களையும் படித்தார். கண்ட்ரோலர் பன்னிரண்டாயிரம் என்றுதான் சொன்னார், நான் அதையே திருப்பிச் சொன்னேன் என்று கேப்டன் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டேப்பைப் போட்டார்கள். என் குரல் வந்தது. கோவா விமானத்தின் அழைப்புப் பெயர், இறங்கு, ஒன் த்ரீ ஜீரோ. சந்தேகத்துக்கே இடமில்லாமல் த்ரீ. கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து அவர் குரல். இறங்குகிறேன், ஒன் டூ ஜீரோ.

அதுவும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் டூ. தெளிவாக, நிதானமாக, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல. அதன் பிறகு என் குரல் இல்லை. திருத்தவில்லை. மறுக்கவில்லை. நான்கு வினாடி கழித்து விஜயவாடா விமானத்தைக் கூப்பிடுகிறேன்.

மறுபடி போடச் சொன்னேன். போட்டார்கள். மூன்றாம் முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும், இப்போது த்ரீ என்று வரும் என்று என் மனம் காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

அதோடு முடியவில்லை. நம் தொலைபேசிகளும் பதிவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதிகாரி இன்னொரு பதிவை எடுத்து, நேரத்தைச் சரியாகப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து ஓட விட்டார். கேப்டன் ஒன் டூ ஜீரோ என்று சொல்லிக்கொண்டிருக்கும் அதே வினாடியில் ஹாட்லைன் அடிக்கிறது. டவரிலிருந்து ஒருவர், காற்றின் திசை மாறுகிறது, ஓடுபாதையை மாற்றலாமா என்று கேட்கிறார். நான் எடுத்து, "ஸ்டாண்ட்பை, பிறகு சொல்றேன்" என்கிறேன். என் குரல்தான். அவர் பேச்சின்மேல் என் பேச்சு ஏறிக்கிடக்கிறது.

அந்த அழைப்பு எனக்கு நினைவே இல்லை. மங்கலாகக்கூட இல்லை. கவனம் வேறு எதிலும் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் மேசையின்மேல் இருந்தது.

ஆக, அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. தினமும் கேட்கிற பன்னிரண்டாயிரத்தைக் கேட்டார். நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நான் கொடுத்த பதின்மூன்றாயிரத்தையே கேட்டேன். இருவரும் அதைப் பிறகு நினைவு என்று நம்பினோம். கேப்டன் எழுந்து வந்து என் அருகில் நின்றார். இந்தியில், தான் மகள்மேல் சத்தியம் செய்யக்கூடத் தயாராக வந்திருந்ததாகச் சொன்னார். நானும்தான் என்றேன். 

வெளியே வந்து நடைவழியில் நின்றேன். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

"வேலையை விட்டுடலாம்னு தோணுது சார்."

"விடு" என்றார். "ஆனா ரிப்போர்ட்டைச் சரியா எழுதிட்டு விடு."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு அது அறை விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாக்குமூலம் எழுத ஒரு நாள் முழுக்க ஆயிற்று. கூட வேலை செய்தவர்கள் நல்ல மனதோடுதான் யோசனை சொன்னார்கள். தேவையில்லாத நேரத்தில் டவர் போன் செய்தது என்று எழுது, பாதிப் பழி அங்கே போகும் என்றார்கள். டவரிலிருந்து பேசியவருக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிய வழியில்லை. மணி அடித்தது அவர், எடுத்தது நான். பத்து வினாடி அடிக்க விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியே எழுதினேன். எழுதி முடித்தபோது வேலையை விடும் எண்ணம் எப்படியோ போயிருந்தது. எந்த இடத்தில் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

ஆறு வாரம் ரேடாரிலிருந்து விலக்கி வைத்தார்கள். மறுபயிற்சி, மறுதேர்வு. திரும்பி வந்தபோது நான் வேறு ஆளாக இருந்தேன். விமானி திருப்பிச் சொல்லும்போது போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டேன். கையில் பேனாவை வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, நான் குறித்து வைத்திருந்த ஒவ்வோர் எண்ணின்மேலும் ஒரு புள்ளி வைத்தேன். இதெல்லாம் நல்ல பழக்கம், நீங்களும் செய்யுங்கள்.

கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. நான் இனிமேல் தவறவே மாட்டேன் என்ற நினைப்பு. நான் சொன்னதை ஒரு விமானி "கன்ஃபர்ம்?" என்று கேட்டால் எரிச்சல் வந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், கவனிக்காமல் கேள்வி கேட்கிறாரே என்று தோன்றியது. மறுபடி சொல்வேன், ஆனால் குரலில் அந்தச் சூடு இருக்கும். மற்ற விமானிகளும் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்றாயிற்று. அது என் திறமைக்கு அடையாளம் என்று நினைத்தேன்.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். வானம் சுத்தமாக இருந்தது. டெல்லியிலிருந்து வந்த விமானம் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த விமானம் கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி. இரண்டும் ஒன்பதாயிரம் அடியில். இன்னும் ஒன்றரை நிமிடத்தில் டெல்லி விமானத்தை வலப்பக்கம் மேற்கே திருப்பி, கொல்கத்தா விமானத்துக்கு இணையாக ஓட விடுவது என் திட்டம். தினமும் செய்வதுதான்.

அப்போது ஹெட்செட்டில் ஓர் இரைச்சல் வந்தது. எஞ்சின் சத்தம். அதற்குமேல் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டார். ஹப்சிகுடாவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அங்கேயே சேர் என்றார் மற்றவர். ஏதோ ஒரு விமானத்தில் பேசும் பொத்தான் சிக்கிக்கொண்டுவிட்டது. ஒருவர் பேசும்போது அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. நான் டெல்லி விமானத்தைக் கூப்பிட்டேன். கீச்சென்ற சத்தம்தான் திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதே சத்தம். பள்ளிக்கூடப் பேச்சு தொடர்ந்தது.

டெல்லியும் கொல்கத்தாவும் ஒன்றை நோக்கி ஒன்று போய்க்கொண்டிருந்தன. எனக்கு வாய் இல்லை.

அவசர அலைவரிசை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான விமானங்கள் அதை இரண்டாவது ரேடியோவில் திறந்து வைத்திருக்கும். சிலர் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருந்த அந்தக் கருவிக்குத் தாவினேன். இருவரில் யாரை முதலில் கூப்பிடுவது? கொல்கத்தாவைத் திருப்ப வேண்டுமானால் அதன் தெற்கே இன்னொன்று இருந்தது. டெல்லிக்கு மேற்குப் பக்கம் காலியாக இருந்தது. டெல்லியைக் கூப்பிட்டேன். மேற்கே திரும்பச் சொன்னேன். உடனே பதில் வந்தது. அவர் வலப்பக்கம், மேற்கு என்று திருப்பிச் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அடுத்த சுற்றில் அந்தப் புள்ளி வளைய ஆரம்பித்தது. கொல்கத்தா விமானம் ஒன்றும் தெரியாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஏழு மைல் இருந்தது, அதற்குமேல் குறையவில்லை.

பொத்தான் சிக்கிய விமானம் எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் பேச்சில், திருப்பதியில் இறங்கியதும் டிபன் சாப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தது ஒன்றுதான். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, விமானி அறைக்கு எழுத்துச் செய்தி அனுப்பச் சொன்னார் சூப்பர்வைசர். மூன்று நிமிடத்தில் இரைச்சல் நின்றது. பள்ளி முடிவாயிற்றா என்று தெரியவில்லை.

அன்று மாலை சூப்பர்வைசர் அபூர்வமாக, நன்றாகச் சமாளித்தாய் என்றார். கூட இருந்தவர்கள் கைகொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூனில் பட்ட அவமானம் அன்றோடு கழுவப்பட்டுவிட்டதாகவே நினைத்தேன். டேப்பைக் கேட்க அனுமதி கேட்டேன். உண்மையைச் சொன்னால், என் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது என்று கேட்டு மகிழத்தான்.

குரல் நிதானமாகத்தான் இருந்தது. டெல்லி விமானத்தின் பெயரைச் சொல்கிறேன். பிறகு, இடப்பக்கம் திரும்பு, மேற்கு என்கிறேன்.

இடப்பக்கம். தெற்கே போகிற விமானம் இடப்பக்கம் திரும்பினால் முதலில் கிழக்கே போகும். கிழக்கேயிருந்துதான் கொல்கத்தா வந்துகொண்டிருந்தது.

டேப்பில் ஒரு சிறு இடைவெளி. பிறகு டெல்லி விமானி, இளம் குரல், மிகவும் தயங்கி, "கன்ஃபர்ம் ரைட்? எங்களுக்கு இடப்பக்கம் ஒரு விமானம் தெரிகிறது" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். "அஃபர்ம், ரைட்" என்கிறேன் நான், ஆமாம், வலப்பக்கம்தான் என்று. அதன் பிறகுதான், நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டதாகச் சொன்னேனே, அந்தப் பதில் வருகிறது.

அவர் கேட்ட கேள்வி எனக்கு நினைவில்லை. நான் இடப்பக்கம் என்று சொன்னதும் நினைவில்லை. ஏழு மாதத்துக்கு முன்பு அத்தனை பாடம் படித்தவளுக்கு, வலப்பக்கம் என்று சொன்னதாகவே நினைவு இருந்தது.

சூப்பர்வைசர் அறைக்குப் போய், "நான் லெஃப்ட்னு சொல்லியிருக்கேன் சார்" என்றேன்.

"ஹவ், ஆமா. மத்தியானமே கேட்டுட்டேன்" என்றார்.

"அப்புறம் எதுக்கு நல்லா பண்ணினேன்னு சொன்னீங்க?"

"அவன் கேட்டதும் ஒத்துக்கிட்ட இல்ல? அதைச் சொன்னேன்." தன் காகிதங்களுக்குத் திரும்பினார். பிறகு தலையைத் தூக்காமலே, "உன்னைக் கேக்கவே பயந்துட்டுக் கேட்டான் மா அந்தப் பையன். அது உனக்குத் தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. அந்தத் தயக்கம் இரண்டு வினாடி நீளம். டேப்பில் அளந்து பார்த்தேன். அந்த இரண்டு வினாடியை உண்டாக்கியவள் நான். மேடம் கோபிப்பார் என்று இன்னும் கொஞ்சம் தயங்கியிருந்தால், அல்லது மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் திரும்பியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் விமானி சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். அது சரி. அதே அளவுக்கு, அவர் நம்மைக் கேள்வி கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றும்படி நாம் பேச வேண்டும். உங்கள் காதை நீங்கள் முழுக்க நம்ப முடியாது. உங்கள் வாயையும் நம்ப முடியாது. அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

மறுநாள் காலை ஷிஃப்டில் ஒரு விமானி, நான் கொடுத்த உயரத்தை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டார். நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். திரும்பச் சொன்னேன். சொல்லிவிட்டு, கேட்டதற்கு நன்றி என்றேன். அவர் என்னோடு பல முறை பேசியவராக இருக்க வேண்டும். நான் சொன்ன நன்றியையும் "கன்ஃபர்ம்?" என்று கேட்டார்.